அழுத்தாத பொத்தான்

இரவு ஒன்றே முக்கால் மணி. விமானத் திடலின் பின்பக்கம் போகும் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் முள்கம்பி வேலி, மறுபக்கம் ஆள் உயரப் புல். விளக்குக் கம்பம் பத்து இருக்கும், எரிவது இரண்டுதான். அந்த வழியில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது... ஓட்டுகிறவள் ஒரு பெண். தனியாக.

உடனே எல்லாரும் தலையணைக்குள் முகத்தைப் புதைக்காதீர்கள். அந்தச் சாலையில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பேய்க் கதைகள் மேலேயே ஒரு கோபம் உண்டு. அதில் ஒரு பெண் வந்தால் ஒன்று அவளே பேயாக இருப்பாள், இல்லாவிட்டால் வீல் என்று கத்திவிட்டு மயங்கி விழுவாள். இவள் இரண்டும் செய்யவில்லை. அதற்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன். இந்த விடுதிக்குக் கரண்ட் வருவதற்குள் எப்படியும் விடிந்துவிடும். மெழுகுவர்த்தி அரை விரல் மிச்சம் இருக்கிறது. கதவுப் பக்கம் படுத்திருப்பவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வா.

ஸ்கூட்டரில் போனவள் என் பழைய அறைத்தோழியின் நாத்தனார். அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆறு வயதிலேயே பெற்றவள் அவளை "அடங்காப்பிடாரி" என்று திட்டி, அது சுருங்கிப் பிடாரி என்றே நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் நிஜப் பெயர் தப்பித்ததாம். ஹெலிகாப்டர் ஓட்டுவது அவள் தொழில். கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் இரும்பு மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவாள், அங்கே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவாள். ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் வீட்டில் யாரோ சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பார்கள் என்பாள்.

இந்தத் தொழிலில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை உண்டு. அவள் ரயிலேறி இங்கே வந்து, அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போவாள். பரீட்சை நடப்பது சிமுலேட்டரில். பெரிய வெள்ளை முட்டை மாதிரி ஒரு அறை, ஆறு இரும்புக் கால்கள் மேல் நிற்கும். உள்ளே நிஜ ஹெலிகாப்டரின் முன்பகுதி அப்படியே இருக்கும், சுற்றிலும் திரை. கால்கள் ஏறி இறங்க, உட்கார்ந்திருப்பவருக்கு நிஜமாகவே வயிறு புரளும். இங்கே வரும் விமானிகள் எல்லாருக்கும் இரண்டே சிமுலேட்டர் என்பதால் ராப்பகலாக ஓடும். செல்வாக்கு உள்ளவர்களுக்குப் பகல் கிடைக்கும். பிடாரிக்கு எப்போதும் பின்னிரவு, அதுவும் இரண்டாம் நம்பர் மெஷின்.

இப்போது ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டும். இது தெரியாவிட்டால் பயம் வராது.

விமானியின் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு கைப்பிடி இருக்கும். முன்னால் சாய்த்தால் மூக்கு தாழும், பின்னால் இழுத்தால் மூக்கு எழும். அதை மணிக்கணக்காகக் கையாலேயே பிடித்திருக்க முடியுமா? அதனால் கைப்பிடியின் தலையில், கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பிடி தளர்ந்து துவளும். வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு விரலை எடுத்தால் மறுபடி 'டக்'. அங்கேயே இறுகி நின்றுவிடும். இதற்குப் பெயர் ட்ரிம். விரலை எடுத்த நொடியிலிருந்து நிலைப்படுத்தும் கருவி பொறுப்பை ஏற்கும். காற்றடித்தாலும் மூக்கை வைத்த இடத்திலேயே வைத்திருக்கும். ஆனால் பொத்தான் அழுந்தியிருக்கும் வரை, 'சரி, ஐயாவே ஓட்டிக்கொள்கிறார்' என்று ஒதுங்கிக்கொள்ளும். முதலாளி தானே வண்டியை எடுத்தால் டிரைவர் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான் இல்லையா, அதுபோல.

பகலில் பரவாயில்லை, தொடுவானம் தெரியும். இரவில், கடலுக்கு மேலே... மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. கருவி ஒதுங்கிவிட்டால் மூக்கு நூல் நூலாகத் தாழும். உடம்புக்கு அது தெரியாது. நேராகப் போவது போலவே இருக்கும். தெரிய வரும்போது தண்ணீருக்குள் இருப்போம்.

போன பரீட்சையில் பிடாரிக்கு அதுதான் நடந்தது. திரையில் இருட்டுக் கடல். ட்ரிம் வைத்துவிட்டு விரலை எடுத்தாள். இரண்டாவது 'டக்' வரவே இல்லை. கைப்பிடி இறுகாமல் துவண்டே கிடந்தது, தூங்கிப்போன குழந்தையின் கை மாதிரி. பரீட்சை நடத்தும் தேர்வாளர் முட்டைக்குள்ளேயே, அவளுக்குப் பின்னால் தன் மேஜையில் இருந்தார். பொத்தான் அழுந்தினால் அவர் முன்னே ஒரு பச்சை விளக்கு எரியும்.

"பொத்தானை விடும்மா."

"விட்டுட்டேன் சார்."

"விளக்கு எரியுதே."

"நான் அழுத்தலை சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார் அவர்.

இந்த வாக்குவாதத்துக்கு நடுவிலேயே திரை சிவப்பாகி, முட்டை ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கடலில் விழுந்துவிட்டாள். தாளில் அவர் எழுதியது ஒரே வரி: 'பொத்தானை அழுத்தியபடியே ஓட்டும் தவறான பழக்கம்.' இன்னொரு தடவை தோற்றால் வேலை கிடையாது என்று கம்பெனி கடிதம் அனுப்பியது. சிமுலேட்டரில் பொத்தானைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். பழையதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். செய்யாத தப்புக்குப் பழி வந்தால் எப்படி இருக்கும்? அவள் ஆறு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று என் தோழி சொன்னாள்.

அந்த ஆறு மாதத்தில் அவள் துருவித் துருவி விசாரித்ததில் மெஷினைப் பராமரிக்கும் மெக்கானிக் ஒருநாள் போனில் வாயைத் திறந்தார். பயந்த சுபாவம். நல்ல மனுஷன்.

"வெளியே சொல்லிடாதீங்க மேடம். இதுல விழுந்தது நீங்க மட்டும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி கடல்ல போன கேப்டன் இருக்காரே... அவருக்கப்புறந்தான் இப்படி."

அவள் கம்பெனியிலேயே ஓட்டிய அந்தக் கேப்டனைப் பற்றித் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். மேடையில் ஆட்களை இறக்கிவிட்டு இரவில் தனியாகத் திரும்பி வந்தவர், கரைக்கு வரவில்லை. பதினொரு நாள் தேடி ஹெலிகாப்டரை எடுத்தார்கள். அவரை எடுக்க முடியவில்லை. உள்ளே இருந்த பதிவுப் பெட்டியில், கடைசி நான்கு நிமிடமும் பொத்தான் அழுந்தியே இருந்தது என்று தெரிந்தது. பழைய காலத்து ஹெலிகாப்டர்களில் பொத்தானை அழுத்தியபடியே ஓட்டுவது வழக்கம்; பெரியவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, அதனால் வந்த விபத்து என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடினார்கள். முப்பது வருடம் ஓட்டிய மனிதருக்குக் கடைசியில் கிடைத்த பட்டம், 'கவனக்குறைவு'.

"அதுக்கும் இந்த மெஷினுக்கும் என்ன அண்ணே?"

"விசாரணைக்கு அந்தப் பதிவை இதுலதான் போட்டு ஓட்டினாங்க மேடம். கடைசி நாலு நிமிஷம். திரும்பத் திரும்ப. நான்தான் சுவிட்சு போட்டேன். சீட்ல ஆளே இருக்காது... கைப்பிடி மட்டும் தானா அசையும். கடல்ல விழும். மறுபடி முதல்லேருந்து. நூறு தடவைக்கு மேல இருக்கும்."

யோசித்துப் பாருங்கள். மனிதன் சாவது ஒரு முறை. அவரை அந்த வெள்ளை முட்டைக்குள் நூறு தடவை சாகடித்திருக்கிறார்கள்.

"வேற தேதி கேட்டு முதல் நம்பர் மெஷினுக்கு மாத்திக்கங்க மேடம்" என்றார் மெக்கானிக்.

"பேய்க்குப் பயந்து ஓடினேன்னு எங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லவா? அவங்களே பெரிய பேய். அதையே பார்த்துட்டேன்" என்றாளாம் இவள்.

ஆக, அந்த இரவு. ஸ்கூட்டரை நிறுத்தினாள். உள்ளே போகும்முன் வலது கட்டைவிரலைச் சுற்றி மருந்துக்கடை வெள்ளைப் பிளாஸ்திரியை மூன்று சுற்று ஒட்டிக்கொண்டாள். போன தடவை இருந்த அதே தேர்வாளர்தான். கழுத்துப்பட்டை கசங்காத மனிதர். விரலைப் பார்த்தார்.

"என்ன காயம்?"

"காயம் இல்லை சார். சாட்சி."

அவருக்குப் புரியவில்லை. இடப்பக்கம் உட்கார வேண்டிய துணை விமானிக்கு அன்று காய்ச்சல். அந்த சீட் காலியாகவே இருந்தது. மெக்கானிக் வெளியே கட்டுப்பாட்டு அறையில். உள்ளே இரண்டே பேர். கதவு மூடியது. ஏறி வந்த பாலம் விலகியது. கால்கள் 'உஸ்ஸ்...' என்று மேலே எழும்பின.

இரண்டு மணி பத்து நிமிடம். திரையில் கரை விளக்குகள் பின்னால் போய்த் தேய்ந்தன. பிறகு ஒன்றும் இல்லை. இருட்டு. சூடான பிளாஸ்டிக் வாசனை. விசிறியின் இரைச்சல். ஐந்நூறு அடி உயரம். அவள் ட்ரிம் வைத்தாள். டக்... டக். இறுகி நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

டக்.

அவள் விரல் பொத்தானுக்கு அருகிலேயே இல்லை. கைப்பிடி துவண்டது.

"பொத்தானை விடு..." என்று ஆரம்பித்தார் தேர்வாளர்.

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள். நாலு விரலால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் வானத்தைப் பார்த்து நிமிர்த்தினாள். அந்த இருட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி பளிச்சென்று தெரிந்தது.

"விளக்கு எரியுதா சார்?"

பின்னால் அவர் விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார். விளக்கு எரியுதா?"

"...எரியுது."

"என் விரல் எங்க இருக்கு?"

அதற்குப் பதில் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் அந்த மௌனத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

மூக்கு தாழ ஆரம்பித்தது. அவள் தூக்கினாள். மறுபடி தாழ்ந்தது. தூக்கினாள். இறுக்கமே இல்லாத பிடியை வைத்துக்கொண்டு இருட்டில் ஓட்டுவது என்றால் தளும்பத் தளும்ப நிரம்பிய குடத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கிப் போவது மாதிரி. எதிரே இருக்கும் கருவிகளின் முட்களிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு தும்மல் போதும். போன தடவை அவளுக்கு இது எதிர்பாராமல் வந்தது. இந்தத் தடவை ஆறு மாதமாகச் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு பழகியிருக்கிறாள். அண்ணன் வீட்டிலும் அதைத்தான் செய்தாளாம். தோழி பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"யாரா இருந்தாலும் இருங்க" என்றாள் சத்தமாக, காலி சீட்டைப் பார்க்காமலேயே. "இங்க வேலை நடக்குது. என் வேலை."

ஊர்ப் பிடாரியை ஒண்டவந்த பிடாரி விரட்டியது என்பார்களே, அது நினைவுக்கு வரும். ஆனால் இவள் விரட்டவும் இல்லை.

தேர்வாளர் தாங்க முடியாமல் மெஷினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சைத் தட்டினார். நிற்கவில்லை. மறுபடி தட்டினார். 'படபட'வென்று தட்டினார். திரையில் கடல் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஹெட்செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. உள்ளே குளிரத் தொடங்கியது. ஏசி குளிர் இல்லை... நனைந்த துணியோடு நிற்கும்போது வரும் குளிர்.

ஒன்பது நிமிடம் அவள் அப்படியே ஓட்டினாள். மணிக்கட்டு எரிந்தது. தூரத்தில் மேடையின் விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஹெட்செட்டில் மைக் திறக்கும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. கிழட்டு மூச்சு. பிறகு ஒரு ஆண்குரல்... கோபமாக இல்லை. அலுத்துப்போன குரல்.

"நான் அழுத்தலை."

இரண்டு பேர் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

"நான்... அழுத்தலை."

"ஐயோ, அவ கத்தலையா?" என்று மூலையில் இருந்து ஒருத்தி கேட்கிறாள். கத்தினாள். ஆனால் பயத்தில் இல்லை. ஆறு மாதமாகத் தான் சொல்லிச் சொல்லி யாரும் நம்பாத வார்த்தை அது. இந்த மனிதர் அதை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறார். இத்தனை பேரை அவர் கடலில் தள்ளவில்லை. தனக்கு நடந்ததை ஒவ்வொருவருக்கும் காட்டியிருக்கிறார். எல்லாரும் பயந்துபோய்ப் பழியை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"தெரியும் கேப்டன்!" என்று கத்தினாள். "நானும் அழுத்தலை. ரெண்டு பேருமே அழுத்தலை. இப்போ இறங்கலாம், வாங்க."

டக்.

கைப்பிடி இறுகியது. பச்சை விளக்கு அணைந்தது. மேடையின் வட்டக் கோட்டுக்கு நடுவில், கோழி முட்டைகூட உடையாத மாதிரி, அவள் இறக்கினாள்.

கதவு திறந்து வெளிச்சம் வந்தபோது தேர்வாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. கை நடுங்க அவசர அவசரமாகத் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவளும் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி. போட்டிருந்தால் வேலை நிச்சயம். அவள் பேனாவை வாங்கவில்லை.

"அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும் சார். உங்க முகத்துலயே தெரியுது."

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "விசாரணைக் குழுவில நானும் இருந்தேன். பதிவுப் பெட்டியில விமானியோட குரலும் இருக்கும்... கடைசி நிமிஷத்துல மூணு தடவை சொல்லுவார். இதே வார்த்தை."

"அறிக்கையில அது இல்லையே."

"குழப்பத்துல சொல்றார்னு எடுத்துக்கிட்டோம். பொத்தான் அழுந்தியிருக்குன்னு மெஷின் சொல்லுது, மனுஷன் இல்லைங்கறார். மெஷினை நம்பினோம்."

"எழுதுங்க."

"என்னன்னு எழுதறது? பேய் பேசிச்சுன்னா? என் வேலை போயிடும்மா."

"பேயை விடுங்க. டேப்ல இருந்ததை எழுதுங்க. மறைச்சதை எழுதுங்க. என் வேலையை ஒரே வரியில முடிக்கப் பார்த்தீங்களே, அப்போ உங்க பேனா நடுங்கலையே சார்?"

அவர் எழுதினார். இரண்டு பக்கம். அதை வாங்கி மடித்து இடுப்புப் பையில் வைத்த பிறகுதான் அவள் தன் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் போய் நின்றாள். நம் ஒன்பது ஹெலிகாப்டரிலும் கைப்பிடியைத் திறந்து பாருங்கள், பார்க்கும்வரை நான் பறக்க மாட்டேன் என்றாள். மேனேஜர் சிரித்தார். பறக்காதவர்களுக்குச் சம்பளம் இல்லை என்றார். சரி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். தேர்வாளரின் கடிதத்தை நகலெடுத்து ஒவ்வொரு விமானிக்கும் அனுப்பினாள், கேப்டனின் மனைவிக்கும் அனுப்பினாள். நாலாம் நாள் இன்னொருவர் பறக்க மறுத்தார். ஏழாம் நாள் ஆறு பேர். கேப்டனின் மனைவி அலுவலக வாசலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பத்தாம் நாள் ஒன்பது கைப்பிடியையும் திறந்தார்கள்.

இரண்டில், பொத்தானுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கடல் காற்று உள்ளே போய்க் கம்பி அரித்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. விரல் படாமலேயே அழுந்தியதாகக் காட்டும். அதில் ஒன்று அடுத்த நாள் இரவுப் பயணத்துக்குக் குறித்து வைத்திருந்த ஹெலிகாப்டர். பன்னிரண்டு பேர் போக வேண்டியது. அறிக்கையைத் திருத்தினார்கள். 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்தார்கள். பிடாரி இன்றைக்கும் ஓட்டுகிறாள். சிமுலேட்டரில் அதன் பிறகு அந்தப் பச்சை விளக்கு தானாக எரிந்ததே இல்லை.

இங்கேயே நிறுத்தலாம். 'பேய் பேசியது என்கிறாயே, அந்த டேப் எப்படியோ மெஷினுக்குள் புகுந்து ஒலித்திருக்கும்' என்று உங்களில் ஒரு புத்திசாலி இப்போதே யோசித்துக்கொண்டிருப்பாள். என் தோழியும் அதைத்தான் சொன்னாள். அதற்கு அவள் நாத்தனார் ஒன்றைச் சொன்னாளாம். வேறு யாரிடமும் சொல்லாதது.

பரீட்சை நடந்த அன்று இரவு மூன்றரை மணிக்கு, தேர்வாளர் போன பிறகு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தச் சிமுலேட்டரின் கைப்பிடியைத் திறக்கச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன் அண்ணே, திறங்க" என்றாள். நாலு சின்னத் திருகாணி. மூன்றாவதைக் கழற்றும்போதே தண்ணீர் கசிந்தது. நாலாவதைக் கழற்றியதும் மூடி தானாகத் திறந்து, குபுக்கென்று கொட்டியது. ஒரு செம்பு நிறைய. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கூடு அது, ஒரு செம்புத் தண்ணீர் அதில் எப்படி இருக்கும்? மெக்கானிக் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு" என்றார்.

அந்தக் கட்டடத்திலிருந்து கடலுக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். கம்பளத்தில், அந்த ஈரத்துக்கு நடுவில், நகக்கண் அளவுக்கு ஒரு மீன்... உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது.